கன்று ஈனும் முன் கருப்பை வாய்: கறவை மாடு வளர்ப்போர் அறிய வேண்டியவை

சங்கரன்கோவில், குருவிகுளம், திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் பருவமழை ஏமாற்றிவிட்டால் உளுந்தும் மக்காச்சோளமும் கைவிட்டுவிடும். அந்த ஆண்டில் வீட்டுச் செலவைத் தாங்கி நிற்பவை தொழுவத்தில் நிற்கும் ஒன்றிரண்டு கறவை மாடுகளே. தேவ மகளிர் பசுக்களாக உடன் வர, அம்மன் இங்கே தவமிருந்ததால்தான் கோமதி என்று பெயர் பெற்றாள் என்பது இவ்வூர்த் தல வரலாறு. பசுவை நம்பி வாழும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஒரே மாடு வைத்திருப்பவருக்கு அதன் ஈற்று நாள் பெரிய நாள். அன்று தவறு நேர்ந்தால் கன்றும் போகும், பசுவும் போகும், வரவிருந்த ஈத்துப் பாலும் போகும். ஈற்றின்போது நம் ஊர்களில் நேரும் தவறுகள் இரண்டு வகை. கருப்பை வாய் திறக்கும் முன்பே அவசரப்பட்டுக் கைபோட்டு இழுப்பது ஒன்று. திறக்க வேண்டிய நேரம் கடந்த பிறகும் "தானாகப் போட்டுவிடும்" என்று காத்திருப்பது மற்றொன்று. இரண்டையும் தவிர்க்க, கருப்பை வாயில் என்ன நடக்கிறது, அதை வெளியிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது என்பதை மாடு வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டும்.

கருப்பை வாய் எப்படி இருக்கும்?

கன்று வளரும் கருப்பைக்கும், கன்று வெளிவரும் பிறப்புறுப்புக் குழாய்க்கும் நடுவே உள்ள தடித்த கதவுதான் கருப்பை வாய். சினை இல்லாத பசுவில் இது ஏறக்குறைய 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தொட்டுப் பார்த்தால் கோழிக் கழுத்தைப் போலக் கெட்டியாக இருக்கும். இதன் உட்புறத்தில் ஒன்றன்பின் ஒன்றாக 3 அல்லது 4 வளைய மடிப்புகள் உள்ளன. செயற்கை முறைக் கருவூட்டலின்போது ஊசி போடுபவர் ஒரு கையை ஆசனவாய் வழியே விட்டுப் பிடித்துக்கொள்வது இந்தக் கெட்டியான பகுதியைத்தான்.

பசு சினையானதும் இந்த வாய் இறுக மூடிக்கொள்கிறது. அதோடு நிற்காமல், பிசின் போன்ற கெட்டியான கோழையைச் சுரந்து மடிப்புகளுக்கு இடையே அடைத்து முத்திரை வைத்துவிடுகிறது. சாணம், சிறுநீர், மண் ஆகியவற்றில் உள்ள கிருமிகள் கருப்பைக்குள் போகாமல் ஒன்பது மாதம் கன்றைக் காப்பது இந்தக் கோழை அடைப்பே. இதை இடையில் கலைத்தால் கருச்சிதைவு ஏற்படலாம்.

நாள் கணக்கு முதலில்

எந்தச் சோதனைக்கும் முன்னால் தெரிய வேண்டியது நாள் கணக்கு. பசுவின் சினைக்காலம் சராசரி 280 நாள். ஜெர்சிக் கலப்பினம் இரண்டொரு நாள் முன்னும், நாட்டு மாடு சில நாள் பின்னும் ஈனலாம். எருமைக்கு ஏறக்குறைய 310 நாள்.

ஊசி போட்ட தேதியுடன் 9 மாதமும் 1 வாரமும் கூட்டினால் பசு ஈனும் நாள் கிடைக்கும். ஜூன் 10-ஆம் தேதி ஊசி போட்டிருந்தால் மார்ச் 17 வாக்கில் கன்றை எதிர்பார்க்கலாம். எருமைக்கு 10 மாதமும் 1 வாரமும் கூட்ட வேண்டும். அதே ஜூன் 10-க்கு ஏப்ரல் 17 வாக்கில் ஈனும். தேதியைத் தொழுவத்துச் சுவரிலோ நாட்காட்டியிலோ எழுதி வைப்பது நல்லது. தேதி தெரியாவிட்டால், நாள் தள்ளிப் போகிறதா, கன்று நாளுக்கு முன்பே வருகிறதா என்று மருத்துவராலும் எளிதில் சொல்ல முடியாது.

ஈனும் நாளுக்கு 2 மாதம் முன்பே பால் கறப்பதை நிறுத்தி, பசுவுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

கதவைத் திறக்கச் சொல்வது யார்?

பசு தானாகத் தீர்மானித்துக் கன்று போடுகிறது என்றே நெடுநாள் நினைத்திருந்தோம். 1960-களில் நியூசிலாந்து நாட்டு மருத்துவர் லிக்கின்ஸ் செம்மறி ஆடுகளில் செய்த ஆராய்ச்சிகள் வேறு விதமாகக் காட்டின. வயிற்றிலுள்ள குட்டி முழு வளர்ச்சி அடைந்ததும் அதன் உடலில் கார்ட்டிசால் என்ற சுரப்பு நீர் பெருகுகிறது. அதுவே தாய்க்குச் செய்தியாகிறது. பசுவிலும் இதே முறைதான். செய்தி கிடைத்ததும், சினையைக் காத்து வந்த சுரப்பு குறைகிறது. வேறு சுரப்புகள் கூடுகின்றன. அவற்றின் வேலையால் கெட்டியான கருப்பை வாய் மெல்ல மெல்ல இளகுகிறது. இடுப்பெலும்புகளைக் கட்டியுள்ள நார்களும் கூடவே தளர்கின்றன.

இதில் உழவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் டெக்சாமெத்தசோன் போன்ற மருந்துகள், காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் பலரால் போடப்படுகின்றன. கடைசி மாதங்களில் உள்ள சினை மாட்டுக்கு இதைப் போட்டால், கன்று நாளுக்கு முன்பே விழுந்துவிடக்கூடும். நஞ்சுக்கொடி தங்கிவிடவும் வாய்ப்பு அதிகம். ஆகவே எந்த நோய்க்கு யார் ஊசி போட வந்தாலும், மாடு இத்தனை மாதச் சினை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வெளியே தெரியும் அடையாளங்கள்

கருப்பை வாய் உள்ளே இளகுவதை வெளியில் தெரியும் மாற்றங்களைக் கொண்டே அறியலாம். இதற்குக் கைபோடத் தேவையில்லை.

1. மடி: தலைச்சன் கிடேரிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே மடி விடத் தொடங்கும். பல ஈத்து ஈன்ற பசுவுக்குக் கடைசி இரண்டு வாரத்தில்தான் மடி நன்றாக இறங்கும். ஈனும் நாள் நெருங்கும்போது காம்புகள் விறைத்துப் பளபளக்கும்.

2. பிறப்புறுப்பின் உதடுகள்: சுருக்கம் நீங்கி, வீங்கித் தொளதொளவென்று ஆகும்.

3. வால் அடி: இது நம்பத் தகுந்த அடையாளம். வால் தொடங்கும் இடத்தின் இருபுறமும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். முன்பு கயிறு போல் விறைத்திருந்த நார் இளகி, குழி விழுந்தாற்போல் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கன்று வரும். நார் இருப்பதே தெரியாத அளவுக்குக் குழைந்துவிட்டால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈனும். நாள்தோறும் மாலையில் ஒருமுறை தொட்டுப் பார்த்து வந்தால் மாற்றம் கைக்குத் தெரியும்.

4. கோழை: ஒன்பது மாதம் அடைத்திருந்த முத்திரை இளகி, கண்ணாடி போலவோ தேன் நிறத்திலோ நூலாகத் தொங்கும். கருப்பை வாய் தளரத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதுவே நேரான சாட்சி. ஆனால் இது வந்தவுடன் கன்று வந்துவிடாது. சில மாடுகள் அதன்பின் ஓரிரு நாளும் எடுத்துக்கொள்ளும்.

5. உடல் சூடு: வெப்பமானி வைத்திருப்பவர்கள் கடைசி வாரத்தில் தினமும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஈனுவதற்கு முந்தைய நாள், வழக்கமான சூட்டைவிட ஏறக்குறைய 1 டிகிரி பாரன்ஹீட் குறையும்.

இந்த ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. எருமையில் கோழை பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே மடியையும் வால் அடியையும்தான் கவனிக்க வேண்டும்.

கோழை சிவந்தோ, காப்பி நிறத்திலோ, சீழாகவோ, துர்நாற்றத்துடனோ வந்தால் அது ஈற்று அடையாளமன்று. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். நாளுக்கு வெகு முன்பாகக் கோழை ஒழுகினாலும் அப்படியே.

வாய் திறக்கும் மணி நேரங்கள்

ஈற்றின் முதல் கட்டம் முழுவதும் கருப்பை வாய் திறப்பதற்கான நேரம். பசு தனித்து நிற்கும். இரை எடுக்காது. படுக்கும், எழும். வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். வாலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கருப்பை விட்டுவிட்டுச் சுருங்குகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் பனிக்குடம் நீர் நிரம்பிய பையாக முன்னே வந்து, ஆப்பு வைத்தாற்போல் வாயை விரிக்கிறது. முடிவில் மடிப்புகள் எல்லாம் மறைந்து, கருப்பையும் பிறப்புறுப்பும் ஒரே குழாய் ஆகிவிடும்.

பல ஈத்துப் பசுவுக்கு இது 2 முதல் 6 மணி நேரம். தலைச்சனுக்கு 12 மணி நேரம் வரைகூடப் போகலாம். இந்த நேரத்தில் மாட்டுக்குத் தேவை அமைதி ஒன்றே. சுற்றிலும் ஆள் கூடுவதும், நாய் குரைப்பதும், எழுப்பி எழுப்பி நடக்க விடுவதும் சுருக்கத்தைத் தடுத்துவிடும். பனிக்குடத்தைக் கையால் உடைக்கக் கூடாது. விரிக்கும் ஆப்பையே பிடுங்கிவிட்டால் வாய் எப்படி விரியும்?

பனிக்குடம் வெளியே தெரிந்ததும் இரண்டாம் கட்டம். பசு முக்கத் தொடங்கும். குளம்பின் அடிப்பக்கம் தரையை நோக்கிய இரண்டு முன்னங்கால்கள், அவற்றின் மேல் மூக்கு என்று வந்தால் கன்று சரியான நிலையில் உள்ளது.

கைபோட்டுப் பார்க்கலாமா?

"வாய் திறந்திருக்கா, பார்த்திருவோம்" என்று எண்ணெயைத் தடவிக்கொண்டு கைபோடுவது கிராமங்களில் பழகிவிட்ட செயல். இதில் தீமைகள் மூன்று.

முதலாவது, கிருமி. நகக்கண்ணில் உள்ள அழுக்கு உள்ளே போனால், ஈன்ற பிறகு கருப்பையில் சீழ் வைக்கும். பால் குறையும். அடுத்த சினை பிடிக்காமல் மாடு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும்.

இரண்டாவது, காயம். பாதி திறந்த வாயில் கன்றின் காலைப் பிடித்து இழுத்தால் வாய் கிழியும். ஆறிய தழும்பு விரியாது. அடுத்த ஈற்றில் வாய் திறக்காமல் போவதற்கு அதுவே காரணமாகும்.

மூன்றாவது, கைபோடுபவருக்கு ஆபத்து. புருசெல்லோசிஸ் என்னும் கன்று வீச்சு நோய் உள்ள பசுவின் கருப்பை நீரிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி நிறைந்திருக்கும். வெறுங்கையில் உள்ள சிறு கீறல் வழியாக அது மனிதனுக்குத் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் மாதக்கணக்கில் படுத்தும். ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட சினை கலைந்தால் இந்நோயை ஐயப்பட வேண்டும். 2019-இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. வாழ்நாளில் ஒரு முறை போட்டால் போதும். வாய்ப்பை நழுவ விடக் கூடாது.

பால் இறக்குவதற்குச் சிலர் பயன்படுத்தும் ஆக்சிடோசின் ஊசியை, வலி எடுக்க வேண்டும் என்று தாமாகப் போடுவது இன்னும் கொடியது. கதவு மூடியிருக்கக் கருப்பை மட்டும் பலமாகச் சுருங்கினால், கருப்பை கிழிந்து பசு இறக்கும். கன்றும் மூச்சு முட்டிச் சாகும்.

மருத்துவர் சோதிக்கும்போது

மருத்துவர் முதலில் வாலைக் கட்டி, பின்புறத்தைச் சோப்பு நீரால் கழுவுகிறார். தோள் வரை நீண்ட உறை அணிந்து, வழுக்கும் மருந்து தடவிக் கையைச் செலுத்துகிறார். கை தடையின்றிக் கன்றைத் தொட்டால் வாய் முழுவதும் திறந்துவிட்டது. நடுவே சட்டைக் கழுத்துப்பட்டை போல வளையம் தட்டுப்பட்டால் பாதிதான் திறந்திருக்கிறது. பிழிந்த துணி போல மடிப்புகள் முறுக்கிக்கொண்டிருந்தால் கருப்பையே சுழன்றுவிட்டது. கன்றின் குளம்புகளுக்கு இடையே கிள்ளிப் பார்த்து, காலை இழுத்துக்கொள்கிறதா என்று கன்றின் உயிரையும் அறிகிறார்.

வாய் திறக்காமைக்குக் காரணங்கள் பல:

நாள் நிறையாதிருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது காத்திருப்பதே.

சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கலாம். அதிகம் கறக்கும் மாட்டில், ஈனும் வேளையில் இரத்தத்தில் இச்சத்து இறங்கிவிட்டால் கருப்பை சோர்ந்து, வாய் விரியாது நிற்கும். மருத்துவர் இரத்தக் குழாய் வழியே மெதுவாக மருந்து ஏற்றினால் பல மாடுகள் தாமே ஈன்றுவிடும். அவசரமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஆகவே இது பழகாதவர் கைவைக்கும் வேலையன்று.

முன்பு பட்ட காயத்தின் தழும்பு இருக்கலாம். அதற்கு அறுவை செய்துதான் கன்றை எடுக்க நேரிடும்.

கருப்பை முறுக்கு மற்றொன்று. இது எருமையில் மிகுதி. நாள் நிறைந்த எருமை ஒரு நாள் வலியால் துடித்து, மறுநாள் ஒன்றும் இல்லாததுபோல் நிற்கும். பனிக்குடமும் வராது. "வலி நின்றுவிட்டது" என்று ஆறுதல் கொள்ள இதில் ஒன்றுமில்லை. முறுக்கு எந்தப் பக்கம் என்று கண்டறிந்து, மாட்டைப் படுக்கவைத்து, விலாவில் பலகை வைத்து அழுத்தியபடி அதே பக்கம் உருட்டி மருத்துவர்கள் பிரித்து விடுவார்கள். பக்கம் மாறினால் முறுக்கு இன்னும் ஏறும். மருத்துவர் இல்லாமல் உருட்டக் கூடாது.

எத்தனை மணி நேரம் பொறுக்கலாம்?

ஈற்று தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

- முதல் வலி அடையாளம் தெரிந்து 6 மணி நேரம் ஆகியும், தலைச்சனுக்கு 12 மணி நேரம் ஆகியும் பனிக்குடம் வராவிட்டால் அழைக்கவும்.
- பனிக்குடம் தெரிந்து 1 மணி நேரத்தில், தலைச்சனுக்கு 2 மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால் அழைக்கவும்.
- ஒரு கால் மட்டும், வால் மட்டும், அல்லது கால் இல்லாமல் தலை மட்டும் தெரிந்தால் காத்திருக்காமல் அழைக்கவும்.
- கன்று விழுந்து 12 மணி நேரம் ஆகியும் நஞ்சுக்கொடி விழாவிட்டால் அழைக்கவும். அதைக் கையால் இழுக்கவோ, கல்லைக் கட்டித் தொங்கவிடவோ கூடாது.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவரை முதலில் அணுகலாம். 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் கேட்கலாம். அறுவை தேவைப்பட்டால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2012-இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரி, சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் ராமையன்பட்டியில் உள்ளது. நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வண்டி பிடித்து, மாட்டை ஏற்றி, அங்கே சேர்ப்பதற்குள் சில மணி நேரம் ஓடிவிடும். அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். வாய் திறக்காத மாட்டை இரவு முழுவதும் பார்த்திருந்து, விடிந்தபின் வண்டி ஏற்றுவதில் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை.

கடைசி மாதத்தில் உறுப்பு வெளியே தள்ளினால்

சில மாடுகளில், கட்டு நார்கள் தளரும் கடைசி வாரங்களில், படுத்திருக்கும்போது பிறப்புறுப்புச் சிவந்த உருண்டையாக வெளியே தள்ளும். சில வேளை அதன் நடுவில் மூடிய கருப்பை வாயும் தெரியும். இதைக் கன்றின் தலை என்றோ பனிக்குடம் என்றோ நினைத்து இழுத்துவிடக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரால் கழுவி, நனைத்த வெள்ளைத் துணியால் மூடி, காக்கையும் நாயும் அண்டாமல் பார்த்துக்கொண்டு மருத்துவரை அழைக்க வேண்டும். பின்னங்கால் பக்கம் அரை அடி உயரமாக இருக்கும்படி மண் மேடு அமைத்து மாட்டைக் கட்டினால் தள்ளுவது குறையும். தீவனத்தை ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல், பலமுறையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

முன்னேற்பாடுகள்

நாளுக்கு இரண்டு வாரம் முன்பே மாட்டைத் தனியிடத்தில் கட்டி, காய்ந்த வைக்கோல் பரப்ப வேண்டும். வழுக்கும் சிமெண்டுத் தரை ஆகாது. நெடுந்தூரம் மேய்ச்சலுக்கு ஓட்டுவதும், வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவதும் கருப்பை முறுக்குக்கு இடம் கொடுக்கும். சோப்பு, சுத்தமான துணி, கொப்பூழில் தடவ டிஞ்சர் அயோடின், கைவிளக்கு, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கனடா நாட்டின் மானிடோபா மாநிலத்தில் கோனெஃபல் என்ற மாட்டுப் பண்ணைக்காரர், முதன்மைத் தீவனத்தைப் பொழுது சாய்ந்த பிறகு கொடுத்தால் கூடுதலான மாடுகள் பகலில் ஈனுவதைக் கண்டார். இறைச்சி மாடுகளில் பலரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். நம் கறவை மாடுகளில் அதே பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் செலவு ஏதுமில்லாத முறை. கடைசி மூன்று வாரம் செய்து பார்ப்பதில் இழப்பில்லை. மருத்துவர் எளிதில் கிடைக்கும் பகல் நேரத்தில் ஈற்று நடந்தால் நமக்கு நல்லதுதானே.

நினைவில் வைக்க

ஊசி போட்ட தேதியை எழுதி வையுங்கள். வால் அடியைத் தினமும் தொட்டுப் பாருங்கள். கோழையின் நிறத்தைக் கவனியுங்கள். பனிக்குடத்தை உடைக்காதீர்கள். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். வலி ஊசியை நீங்களாகப் போடாதீர்கள். மணிக்கணக்குத் தவறினால் தயங்காமல் மருத்துவரை அழையுங்கள். கன்று நலமாக விழுந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கச் செய்யுங்கள்.